மழுங்கிய டிரெய்ன் பிளக்கும் தம்பியின் சுத்தியலும்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் பிளக் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தலையா, மரையா? இரண்டுக்கும் நம் ஆட்கள் ‘போச்சு’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் வைத்தியம் வேறு வேறு. தலை மழுங்கிப்போனது என்றால் பிளக் உள்ளே கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது, பிடித்துத் திருப்பத்தான் வழியில்லை. மரை போனது என்றால் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது, ஆயில் கசியும். தம்பி தன் படகுக்கு வாங்கிய பழைய மோட்டாரில் இந்த இரண்டையும் ஒரே பிளக்கில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

நான் சொல்வது அடியில், புரொப்பல்லருக்கு முன்னால் தோட்டா மாதிரி நீண்டிருக்கும் கியர் கேசிங்கில் உள்ள பிளக். கீழே ஒன்று, மேலே ஒன்று இருக்கும். கீழ் பிளக் வழியாகத்தான் கியர் ஆயிலை வடிப்பதும், திரும்ப ஏற்றுவதும். மேலே இருப்பது காற்று போக, மட்டம் பார்க்க. ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் என்றால் இன்ஜின் ஆயிலை வடிக்க, மேலே இன்ஜின் பக்கம் தனியாக இன்னொரு டிரெய்ன் போல்ட் இருக்கும். அது மழுங்கினால் அவ்வளவு தலைவலி கிடையாது. டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூபை விட்டு, கைப்பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, போல்ட்டைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கியர் கேசிங்கில் அந்தச் சலுகை இல்லை. மேல் துளை வழியாக டியூபை விட்டாலும் பற்சக்கரங்களைத் தாண்டி அடிவரைக்கும் போகாது. கீழே தேங்கும் தண்ணீரும் உலோகத் தூளும்தான் வெளியே வர வேண்டியவை. அவை அங்கேயே கிடக்கும்.

தொடங்கும் முன் இன்னொரு விஷயம். பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றில் டிரெய்ன் பிளக் பக்கத்திலேயே நட்சத்திர வெட்டுள்ள ஒரு ஸ்க்ரூ இருக்கும். அது டிரெய்ன் பிளக் இல்லை. உள்ளே கியர் மாற்றும் இணைப்பைத் தாங்கிக்கொண்டிருக்கும் அச்சு. அதைக் கழற்றினால் உள்ளே இணைப்பு நழுவும், அப்புறம் கேசிங் முழுவதையும் பிரிக்க வேண்டியதுதான். எந்தத் திருகு எது என்று கையேட்டில் பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள்.

சரி, தம்பியின் மோட்டார். கீழ் பிளக்கின் தலையில் ஒற்றைப் பள்ளம். ஒரு காலத்தில் அது பள்ளமாக இருந்திருக்க வேண்டும். நான் பார்த்தபோது இரண்டு ஓரமும் சரிந்து, நடுவில் ஒரு குழியாக நின்றது. பிளக்கைச் சுற்றி வெள்ளை மாவு. யாரோ அதன் மேலேயே பெயின்ட்டும் அடித்திருந்தார்கள்.

“அக்கா, ஓரத்துல உளியை வச்சு ஒரு போடு போட்டா வந்துடும்க்கா.”

“போடலாம்டா. உளி நழுவினா பக்கத்துல வாஷர் படிஞ்சு உட்கார்ற முகத்துலதான் விழும். அங்க ஒரு கீறல் விழுந்தா நீ எத்தனை வாஷர் மாத்தினாலும் கசியும்.”

இந்த வேலையில் நான் விடாப்பிடியாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். பிளக் எப்படியும் குப்பைக்குப் போகப்போகிறது. அதை வெட்டலாம், துளைக்கலாம், நசுக்கலாம். கேசிங் அப்படியில்லை. ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது ‘இது பிளக்கைக் கழற்றுமா’ என்று நான் கேட்பதில்லை. ‘இது தோற்றால் கேசிங்கில் என்ன மிஞ்சும்’ என்றுதான் கேட்பேன். உளியை என் பட்டியலில் கடைசியாக வைத்திருப்பதும் அதனால்தான்.

அந்த வெள்ளை மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளக்கைப் பிடித்துவைத்திருப்பதே அதுதான். பிளக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கேசிங் அலுமினியம். இரண்டும் தொட்டுக்கொண்டு உப்புத்தண்ணீரில் கிடந்தால் சின்ன பேட்டரி போல வேலை செய்யும். அரிபடுவது அலுமினியம் பக்கம். அரிந்து வரும் அலுமினிய ஆக்சைடு, தான் உருவான உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். மரைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சந்தில் அது புகுந்து பிதுங்கும்போது, யாரும் இறுக்காமலேயே பிளக் இறுகிவிடும். மரைக்கு கிரீஸ் தடவாமல், வருஷக்கணக்கில் கழற்றாமல் விட்ட மோட்டாரில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எனவே முதல் வேலை, திருப்புவது அல்ல, சுரண்டுவது. கூர்மையான ஸ்க்ரைபரால் பிளக்கைச் சுற்றியுள்ள வட்டத்தில் பெயின்ட்டையும் மாவையும் முழுக்க எடுத்தேன். பள்ளத்தின் அடியில் இருந்ததையும் கிளறி எடுத்தேன். பள்ளம் பாதி மாவால் நிரம்பியிருந்தால் ஸ்க்ரூடிரைவர் பாதி ஆழம்தான் இறங்கும். பல பேர் ‘மழுங்கிவிட்டது’ என்று சொல்வதில் கொஞ்சம் இந்த அழுக்கின் வேலை. அப்புறம் சந்துக்குள் ஊறி இறங்கும் பெனிட்ரேட்டிங் ஆயில் விட்டு, ராத்திரி முழுக்க ஊற விட்டோம். பெயின்ட் வளையத்தை உடைக்காமல் எண்ணெய் விடுவதில் பயன் இல்லை, மேலே ஓடிக் கீழே சொட்டிவிடும்.

ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் டூல் ரூமில் பல வருஷம் வேலை பார்த்தவளுக்கு இதைப் பார்த்தால் கை பரபரக்கும். கடையில் கிடைக்கும் சாதாரணத் தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பக்கவாட்டில் பாருங்கள். ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். பள்ளத்தின் சுவர்களோ நேராக இருக்கும். எனவே அது பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டும்தான் தொடும். பலமாகத் திருப்பும்போது அந்தச் சரிவு ஸ்க்ரூடிரைவரை மேலே தள்ளும், விளிம்பு உருளும். பள்ளம் மழுங்குவது இப்படித்தான். நான் செய்தது, தடிமனான ஒரு பழைய பிட்டை எடுத்து, கிரைண்டரில் இரண்டு முகங்களையும் ஒன்றுக்கொன்று இணையாகத் தீட்டியது. அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து. நுனி நீலம் பூத்துவிட்டால் கடினம் போய்விடும். தடிமன் பள்ளத்தில் ஆடாமல் இறங்க வேண்டும், அகலம் பிளக்கின் தலையை முழுக்க மூட வேண்டும். அடிப்பக்கம் இன்னும் நல்லபடியாகத்தான் இருந்தது, அதனால் இணை முகமுள்ள பிட் அங்கே போய்க் கடித்தது.

அந்த பிட்டை இம்பாக்ட் டிரைவரில் மாட்டினோம். மின்சாரத்தில் ஓடுவது அல்ல, பின்னால் சுத்தியலால் அடித்தால் நுனி கொஞ்சம் திரும்பும் பழைய கை டிரைவர். இதன் அழகு, திருப்பும் அதே நொடியில் பிட்டைப் பள்ளத்துக்குள் அழுத்தவும் செய்கிறது, அதனால் வெளியே ஏற வாய்ப்பில்லை. தம்பிக்குச் சுத்தியல் ஆசையும் தீர்ந்தது. மறுபக்கத்தில் கேசிங்கோடு ஒட்டி ஒரு கனமான மரக்கட்டையை முட்டுக்கொடுத்தேன். முட்டு இல்லாமல் அடித்தால் அடியில் பாதியை மோட்டாரின் ரப்பர் மவுன்ட்டுகள் விழுங்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு அடி, அப்புறம் கழற்றும் பக்கம். இறுக்கும் பக்கம் அடிப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். மாவின் பிடி எந்தப் பக்கம் திரும்பினாலும் உடையும் என்பதுதான் கணக்கு.

மோட்டாரைப் படுக்க வைத்து வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபோர் ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்க்கக் கூடாது. கவரிலோ கையேட்டிலோ போட்டிருக்கும் பக்கம்தான். தவறான பக்கம் படுத்தால் இன்ஜின் ஆயில் சிலிண்டருக்குள் போய்ச் சேரும்.

சுத்தியல் அடிக்கு பிளக் அசையவில்லை. அடுத்தது சூடு. அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். பிளக்குகளில் வழக்கமாக வரும் ஸ்டெயின்லெஸ் சுமார் 17 பங்கு. 8 மில்லிமீட்டர் துளையில் 100 டிகிரி ஏற்றினாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5 மைக்ரான் அளவுதான். தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் நமக்கு இடைவெளி வேண்டாம், அந்த மாவில் விரிசல் விழுந்தால் போதும். டார்ச் வேண்டாம், ஹீட் கன் போதும். பெட்ரோல் டேங்கையும் ஹோஸையும் முதலில் கழற்றி தூரத்தில் வையுங்கள். சூட்டைப் பிளக்குக்குக் காட்டாதீர்கள், சுற்றியுள்ள கேசிங்குக்குக் காட்டுங்கள். விரலில் தண்ணீர் தொட்டுச் சொட்டினால் சுரீர் என்ற இடத்தோடு நான் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் போனால் ஷாஃப்ட்டின் ரப்பர் சீல்கள் கெடும், பெயின்ட் கொப்புளிக்கும்.

சூடு காட்டி, அடித்து, ஆற விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி சூடு. கடைசியில் மெல்லிய ‘டிக்’ ஒன்று கேட்டது. பிளக் முடி அளவு நகர்ந்தது. அதே அடியில் பள்ளத்தின் ஒரு சுவரும் உடைந்து விழுந்தது. தம்பி என்னைப் பார்த்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

நகர்ந்துவிட்ட பிளக் என்பது பாதி வெற்றி. இனி டிரில். முதலில் தலையை அரத்தால் மட்டமாக்கி, சரியான நடுவில் பஞ்ச் போட்டேன். நடு தவறினால் டிரில் ஓரமாக இறங்கி கேசிங் மரையைத் தொட்டுவிடும், அதனால் பஞ்ச் போடும் முன் வெர்னியரால் இரண்டு பக்கமும் அளந்து குறித்தேன். டிரில் பிட், இடது பக்கமாகச் சுற்றி வெட்டும் வகை. டிரில்லை ரிவர்ஸில் ஓட விட்டால்தான் அது வெட்டும். அதனால் உள்ளே கடித்துப் பிடிக்கும் நேரத்தில் பிளக்கைக் கழற்றும் பக்கமாகவே இழுக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் ஒரு குணம் உண்டு: வேகமாக ஓட்டி லேசாகத் தொட்டால் தேய்ந்து மினுங்கும், மேற்பரப்பு இறுகிப்போகும், அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. மெதுவான வேகம், நல்ல அழுத்தம், கட்டிங் ஆயில். சுருள் சுருளாக வந்தால் சரி, தூளாக வந்தால் நிறுத்தி யோசியுங்கள்.

துளைக்குள் விட்டு, மாட்டிக்கொண்ட திருகை உள்ளிருந்தே பிடித்துத் திருப்பும் எக்ஸ்ட்ராக்டரை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். கூம்பு வடிவத்தில் வரும் எக்ஸ்ட்ராக்டர் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. துளைக்குள் அதை அடித்து இறுக்கும்போது பிளக்கை வெளிப்பக்கமாக விரிக்கிறது, அதாவது அலுமினியத்தோடு இன்னும் நெருக்குகிறது. ஒடிந்தாலோ போச்சு. கடினமாக்கிய எஃகு அது, சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. போட்டே ஆக வேண்டுமென்றால் நேரான பள்ளங்களுள்ள வகையைப் போடுங்கள். இன்னொரு வழி, மிஞ்சிய தலையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வது. சூடும் பிடியும் ஒரே வேலையில் கிடைக்கும். கை தேர்ந்த வெல்டர் இருந்தால் அதுதான் எல்லாவற்றையும்விட நல்ல வழி.

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. டிரில் கொஞ்ச ஆழம் இறங்கியதும் கடித்தது, கையில் ஒரு உதறல், பிளக் சுற்றிக்கொண்டே வெளியே வந்தது. பின்னாலேயே ஆயில். பால்காப்பி நிறம். தண்ணீர் புகுந்திருந்தது.

பிளக்கைத் துடைத்துப் பார்த்தபோதுதான் அடுத்த வேலை தெரிந்தது. அதன் மரைகளுக்கு நடுவே வெள்ளிக்கம்பி போல ஒன்று சுற்றியிருந்தது. நகத்தால் இழுத்தால் பிரிந்து வந்தது. கேசிங்கின் மரை அது. தண்ணீர் எப்படிப் போயிருக்கும் என்பதும் ஓரளவு புரிந்தது. மோட்டார் ஓடும்போது கேசிங் சூடாகும், உள்ளே காற்று விரியும். நிறுத்தியதும் குளிர்ந்த தண்ணீரில் அது சுருங்கும். வாஷர் சரியாக அமராத இடம் இருந்தால் அங்கே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

“எபாக்ஸி வச்சு ஒரேயடியா அடைச்சிடலாமாக்கா?”

“அடுத்த தடவை ஆயில் மாத்த என்னடா பண்ணுவ?”

டெஃப்லான் டேப்பைச் சுற்றிப் போடும் யோசனைக்கும் இதே பதில்தான். இந்த பிளக்கில் கசிவை அடைப்பது மரை இல்லை, தலைக்கு அடியில் இருக்கும் வாஷர். மரையின் வேலை அந்த வாஷரை அழுத்திப் பிடிப்பது மட்டும். பிடிக்க மரை இல்லாதபோது டேப் என்ன செய்யும்? நாடாவின் துணுக்குகள் கியருக்குள் போவதுதான் மிச்சம்.

கொஞ்சம் அடிபட்ட மரை என்றால் அதே அளவு டேப்பை (இது நாடா இல்லை, துளைக்குள் மரை வெட்டும் கருவி) கையால் விட்டுச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். எங்களுடையது அந்த நிலையைத் தாண்டிவிட்டது. அடுத்த பெரிய அளவுக்கு மரை போட்டுப் பெரிய பிளக் போடலாம். துளையைச் சுற்றி உலோகம் போதுமான அளவு இருக்க வேண்டும், இரண்டு பிளக்கும் வேறு வேறு அளவாகிவிடும், அது எனக்குப் பிடிக்கவில்லை. துளைக்குள் புது மரையாக அமரும் இன்செர்ட்டில் கம்பிச்சுருள் வகை நல்லதுதான், ஆனால் அதை உட்கார வைத்த பிறகு அடியில் உள்ள வால் துண்டை ஒடித்து எடுக்க வேண்டும். ஒடியும்போது அது விழுவது கியருக்கு நடுவில். ஸ்டெயின்லெஸ் கம்பி, காந்தத்தையும் நம்ப முடியாது. அதனால் வாலில்லாத வகை, அல்லது முழு உலோகக் குழாயாக, உள்ளும் புறமும் மரையோடு வரும் புஷ் இன்செர்ட். நான் புஷ் போட்டேன்.

டேப் சாயாமல் இறங்க, வாஷர் முகத்தையே துணையாக வைத்துக்கொண்டேன். செங்குத்தாகத் துளையிட்ட ஒரு சின்ன எஃகுக் கட்டையை அந்த முகத்தில் படிய வைத்து, அதன் வழியாக டேப்பை விட்டால் மரை முகத்துக்கு நேர்க்குத்தாக வரும். சாய்ந்த மரையில் பிளக்கின் தலை ஒரு ஓரமாக மட்டும் அமரும், வாஷர் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் கசியும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொண்டால் அலுமினியத் துருவல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று, பின்னால் கொஞ்சம், வெளியே எடுத்துத் துடைத்து, புது கிரீஸ், மறுபடி. பொறுமைதான். புஷ்ஷின் விளிம்பு முகத்துக்கு மேலே துருத்தாமல் உள்ளே அமர வேண்டும். வெளி மரைக்கு மட்டும், எண்ணெய்க்குத் தாங்கும் நிரந்தர லாக்கிங் திரவம் தடவி இறக்கி, முழுக்க இறுகும் வரை விட்டுவிட்டோம்.

என்னதான் கிரீஸ் வைத்தாலும் துருவல் கொஞ்சம் உள்ளே போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியமும் காந்தத்துக்கு அசையாது. மேல் துளையிலிருந்து மண்ணெண்ணெய் விட்டு, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, கீழே வெள்ளைத் துணி வழியாக வடித்தோம். துணியில் மினுமினுப்பு நிற்கும் வரை. அதன் பிறகு கொஞ்சம் கியர் ஆயிலை விட்டு அதையும் வடித்துக் கொட்டினோம், மண்ணெண்ணெய் மிச்சம் இருக்கக் கூடாது என்று.

ஆயில் ஏற்றும் முன் காற்றழுத்தம் பார்த்தோம். கீழ் பிளக்கைப் புது வாஷரோடு போட்டு, மேல் துளையில் கேஜ் வைத்த சின்ன கைப்பம்ப். கையேடு சொல்லும் குறைந்த அழுத்தம்தான், அதற்கு மேல் ஏற்றினால் சீல் பிதுங்கும். சோப்புத்தண்ணீர் தடவினோம். பிளக்கில் குமிழி இல்லை, புரொப்பல்லர் ஷாஃப்ட் சீலிலும் இல்லை, முள்ளும் இறங்கவில்லை. தண்ணீர் உள்ளே வந்தது பிளக் வழியாகத்தான் என்பது இதில் ஏறக்குறைய உறுதியானது.

ஆயில் கீழிருந்துதான் ஏற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கும். பம்ப்பின் முனையைக் கீழ்த் துளையில் திருகி, மேலே குமிழி இல்லாமல் ஆயில் வழியும் வரை ஏற்றி, முதலில் மேல் பிளக்கைப் போட்டுவிட வேண்டும். மேலே அடைத்துவிட்டால், கீழே பம்ப்பைக் கழற்றிவிட்டு பிளக்கைப் போடும் நேரத்தில் கொஞ்சம்தான் வழியும். இறுக்குவது எவ்வளவு? யமஹாவின் பல கையேடுகளில் இந்த பிளக்குக்கு 9 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். 15 சென்டிமீட்டர் கைப்பிடியில் ஆறு கிலோ அளவுக்கு அழுத்தினால் வந்துவிடும். தம்பியின் வழக்கமான இழுப்பில் பாதிகூட இல்லை. உங்கள் மோட்டாரின் எண்ணை உங்கள் கையேட்டில் பாருங்கள். மரையில் தண்ணீருக்குக் கரையாத மரைன் கிரீஸ் லேசாக. வாஷர் ஒவ்வொரு முறையும் புதுசு, பழையதைத் திருப்பிப் போடும் சிக்கனம் வேண்டாம்.

முதல் ஓட்டம் முடிந்து மோட்டாரை நேராக நிறுத்தி, ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, காலையில் கீழ் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்த்தோம். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், உள்ளே இருந்தால் முதலில் அதுதான் வரும். வந்தது ஆயில்தான், தெளிவாக. மேல் பிளக்கின் பள்ளமும் பாதி மழுங்கித்தான் இருந்தது. அதையும் புதுசாக மாற்றியாகிவிட்டது. நான் தீட்டிய பிட்டைத் தம்பி படகின் டூல் பெட்டியில் போட்டுக்கொண்டான், கேட்காமலேயே.